ஊரே அடித்த கிரீஸ்

எங்கள் பழைய ஒர்க்‌ஷாப்பிலிருந்து போன மாதம் பிரியா போன் பண்ணினாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள். புதிதாக வருகிற படகு டிரெய்லர்களில் சக்கர பேரிங்கைக் கம்பெனியிலேயே கிரீஸ் வைத்து மூடி அனுப்பிவிடுகிறார்களாம். ஆயுசுக்கும் அதைத் திறக்க வேண்டாமாம். "மேடம், இனிமே உங்க சப்ஜெக்டே கிடையாது" என்றாள், துக்கம் விசாரிக்கிற குரலில். எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. ஆயுசுக்கும் என்று எழுதி வந்த எத்தனையோ சாமானை நான் கழற்றியிருக்கிறேன். யாருடைய ஆயுசு என்று எதிலும் எழுதியிருக்காது.

அவள் போன் பண்ணிய காரணம் வேறு. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மாதம் ஒரு வகுப்பு நடத்துகிறார்கள். அதில் வாசிக்க, கிரீஸைப் பற்றி என் அனுபவத்தை எழுதித் தர வேண்டுமாம். "கொஞ்சம் சிரிப்பா எழுதுங்க மேடம். போன மாசம் தீத்தடுப்பு பத்தி வாசிச்சப்ப ரெண்டு பேர் தூங்கிட்டாங்க" என்றாள். கிரீஸில் சிரிக்க என்ன இருக்கிறது என்று யோசித்தேன். யோசிக்க ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை.

என் பேர் எஸ்தர். சொந்த ஊர் நாசரேத் பக்கம். அப்பா வாத்தியார், அம்மா டீச்சர், அக்கா டீச்சர், அக்காவைக் கட்டியவர் தலைமையாசிரியர். எங்கள் வீட்டில் சோற்றுக்குக் கூப்பிடுவதுகூட வகுப்புக்கு மணி அடித்த மாதிரிதான் இருக்கும். நானும் டீச்சர் ஆகியிருக்க வேண்டியவள். டீச்சர் டிரெயினிங்குக்கு விண்ணப்பம் போடுகிற சமயத்தில் எனக்கு அம்மை போட்டுவிட்டது. குணமாகி எழுந்தபோது இடம் மிச்சமிருந்தது பாலிடெக்னிக்கில், மெக்கானிக்கல் பிரிவில் மட்டும். அந்த டிப்ளமோவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. லேத் மெஷினுக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை, வரைபடம் நன்றாக வந்தது, பாஸ் ஆனேன். தூத்துக்குடியில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில், படகு மோட்டார் விற்று, பழுதும் பார்த்து, உதிரிபாகமும் விற்கிற ஒரு நிறுவனத்தில் ஸ்டோர்ஸ் உதவியாளராகச் சேர்ந்தேன். சர்வீஸ் சூப்பர்வைசராக ஓய்வு பெற்றேன். இடையில் நடந்ததெல்லாம் பெரும்பாலும் கிரீஸ்தான்.

எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் தொபியாஸ் சார், சர்வீஸ் மேனேஜர். கப்பலில் இரண்டாம் எஞ்சினியராக இருந்து கரையேறியவர். தினமும் வெள்ளைச் சட்டைதான் போட்டு வருவார். எங்கள் எல்லாரையும்விட அதிகமாகக் கிரீஸில் கைவைத்தவர் அவர். ஆனால் அந்தச் சட்டையில் ஒரு பொட்டுக் கிரீஸை யாரும் பார்த்ததில்லை. எனக்கோ டப்பாவைத் திறந்தாலே முழங்கைவரை ஏறிவிடும். ஒருமுறை சர்ச்சில் காணிக்கைத் தட்டை அடுத்தவரிடம் கொடுத்தபோது அது வழுக்கிக்கொண்டு மூன்று பேர் மடியைத் தாண்டிப் போனது.

தொபியாஸ் சார் யாரையும் திட்டமாட்டார். குரலை உயர்த்தமாட்டார். கோபம் வந்தால் எழுந்துபோய்க் கை கழுவுவார். சாதாரணக் கோபம் என்றால் ஒருதரம் சோப்பு. பெரிய கோபம் என்றால் விரலிடுக்கு, நகக்கண் என்று ஆபரேஷன் தியேட்டருக்குப் போகிற டாக்டர் மாதிரி கழுவிக்கொண்டே இருப்பார். குழாய்ச் சத்தம் நிற்காமல் கேட்டால் ஒர்க்‌ஷாப்பில் இருக்கிற மெக்கானிக் எல்லாரும் அவரவர் செய்த வேலையை மறுபடியும் ஒருதரம் சரிபார்ப்பார்கள். யாரிடம் கோபம் என்று அவர் சொல்லாததால் எல்லாருடைய வேலையும் திருந்திவிடும்.

எந்தக் கம்பெனி கிரீஸ் வந்தாலும் அவர் முதலில் ஒரு கண்ணாடிக் குப்பியில் கடல் தண்ணீர் எடுத்துவரச் சொல்வார். குழாய்த் தண்ணீரில் உப்பைப் போட்டுக் கொடுத்தால் கண்டுபிடித்துவிடுவார். சுண்டைக்காய் அளவு கிரீஸை உருட்டி அந்தக் குப்பிக்குள் போட்டு, மூடி, குலுக்கு குலுக்கு என்று குலுக்குவார். கெட்டுப்போகிற கிரீஸ் என்றால் தண்ணீர் பால் மாதிரி ஆகிவிடும். நல்லது என்றால் உருண்டை உருண்டையாகவே கிடக்கும், தண்ணீர் தெளிந்திருக்கும். கம்பெனிக்காரர்கள் கோட்டு சூட்டோடு வந்து படமெல்லாம் போட்டுக் காட்டுவார்கள். சார் பொறுமையாக எல்லாம் கேட்டுவிட்டு, குப்பியை அவர்கள் கையிலேயே கொடுத்துக் குலுக்கச் சொல்வார். ஒருவர் குலுக்கக் குலுக்க வெளுத்துக்கொண்டே போனார், தண்ணீரும் வெளுத்தது.

பேரிங்குக்குக் கிரீஸ் வைப்பது என்றால் கேக்குக்கு ஐசிங் வைப்பது மாதிரி மேலே பூசுவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். நான் பூசிவைத்த முதல் பேரிங்கை சார் கையில் எடுத்து, ஒரு உருளையை நகத்தால் தள்ளிக் காட்டினார். உள்ளே சொட்டுக் கிரீஸ் இல்லை. பிறகு அவரே செய்து காட்டினார். முதலில் மண்ணெண்ணெயில் கழுவி, பழைய கிரீஸ் துளி இல்லாமல் துடைத்துக் காயவைக்க வேண்டும். காற்றுக் குழாயைப் பிடித்து விர்ரென்று சுற்றவிட்டுக் காயவைக்கக் கூடாது, உருளை தெறித்துக் கண்ணைப் பதம்பார்த்துவிடும். இடது உள்ளங்கையில் எலுமிச்சம்பழ அளவு கிரீஸ். பேரிங்கின் அகன்ற பக்கத்தை அந்தக் கிரீஸின் ஓரத்தில் வைத்து, உள்ளங்கையை நோக்கி அழுத்தி அழுத்தி இழுக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் மறுபக்கத்து இடுக்குகள் வழியாக, உரலில் இடியாப்பம் இறங்குகிற மாதிரி, கிரீஸ் எட்டிப்பார்க்கும். அப்போது கொஞ்சம் திருப்பி அடுத்த இடம். இப்படி ஒரு முழுச் சுற்று. பிறகு சக்கரத்தின் நடுக்குடமான ஹப்புக்குள் கொஞ்சம். அதை நிறைக்கக் கூடாது. ஓடும்போது சூடாகி விரிய இடம் வேண்டும். பின்பக்கம் தண்ணீர் புகாமல் இருக்க ரப்பர் சீல், அதன் உதட்டில் விரலால் ஒரு மெல்லிய பூச்சு. கடைசியில், சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, அப்புறம் தளர்த்தி, விரலால் மட்டும் முடுக்கிப் பின்னைச் செருகி மடக்க வேண்டும்.

இதைவிட முக்கியமாக அவர் சொல்லித்தந்தது, இரண்டு வகைக் கிரீஸைக் கலக்கக் கூடாது என்பது. கிரீஸ் என்றால் எண்ணெயும், அதைப் பிடித்துவைத்திருக்கிற ஒருவகைச் சோப்பும்தான். சோப்புக்குச் சோப்பு ஒத்துப்போகாவிட்டால் இரண்டும் சேர்ந்து எண்ணெயைக் கைவிட்டுவிடும். பேரிங்குக்குள் வெறும் கஞ்சிதான் மிஞ்சும். சார் கிரீஸைப் பற்றி எப்போதும் மனிதர்களைப் பற்றிச் சொல்கிற மாதிரியே சொல்வார். "தனித்தனியா ரெண்டு பேரும் தங்கமானவங்க எஸ்தர். ஒரே வீட்டுல குடிவைக்காதீங்க" என்பார்.

கவுண்டருக்கு வருகிறவர்கள் கிரீஸை நிறம் பார்த்துத்தான் கேட்பார்கள். நிறம் வெறும் சாயம்தான், உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் கணக்கு என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டுபோகும். ஒரு தேர்தல் சமயம், விசைப்படகு வைத்திருக்கிற ஒரு அண்ணாச்சிக்கு அவருடைய மோட்டாருக்குப் பொருத்தமான கிரீஸை எடுத்துவைத்தேன். திறந்து பார்த்துவிட்டு மூடியைப் போட்டுவிட்டார். அது எதிர்க்கட்சிக்காரன் நிறமாம். அவர் படகில் அந்த நிறம் ஏறாதாம். கடலுக்குள் மோட்டார் நின்றுபோனால் எந்தக் கட்சியும் நீந்தி வராது என்று நான் சொல்லிப்பார்த்தேன். வெகுநேரம் யோசித்தார். பிறகு குனிந்து, "சரி, பேப்பர்ல சுத்திக் குடுங்க. வழியில நம்ம ஆளுவ நிப்பாவ" என்றார்.

இன்னொருவர், மோட்டாருக்கு அடியில் புரொப்பெல்லரைச் சுற்றவைக்கிற கியர் பெட்டிக்குள் கியர் ஆயிலுக்குப் பதிலாகக் கிரீஸை அடைத்துக்கொண்டு வந்தார். ஆயில் ஒழுகிவிடுகிறது, கிரீஸ் ஒழுகாது என்பது அவருடைய வாதம். வாதம் சரிதான். கிரீஸ் ஒழுகவில்லை, கியரும் அசையவில்லை. தொபியாஸ் சார் அன்றைக்குக் கை கழுவப் போனவர் திரும்பிவர வெகுநேரம் ஆயிற்று.

என் கல்யாணத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பெண் பார்க்க வந்தவர்கள் சாத்தான்குளத்துக்காரர்கள். தரகர் என்னைப் பற்றிச் சொல்லும்போது, பொண்ணு கிரீஸ் பிரிவில் வேலை பார்க்கிறாள் என்பதைச் சுருக்கி, "பொண்ணு கிரீஸ்ல இருக்கா" என்று சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளையின் அத்தைக்கு அது வெளிநாடாகக் கேட்டிருக்கிறது. தூத்துக்குடியில் கப்பல் ஏறி எங்கெங்கோ போகிறவர்கள் இருக்கிறார்கள், ஒரு பெண் போனால் என்ன என்று அவரும் பெருமையாகவே எடுத்துக்கொண்டார். வந்து உட்கார்ந்ததும், "குளிர்காலத்துல எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்டார். கட்டியாகிவிடும், ஆனால் நம் ஊரில் அந்தப் பிரச்சினை இல்லை என்றேன். "அங்கன உள்ளவங்க எல்லாம் எப்படி, நல்லாப் பழகுவாங்களா?" என்றார். நான் அவர் இன்னும் அந்தப் பொருளைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, ஒரே கம்பெனி என்றால் பிரச்சினை இல்லை, வேறு வேறு கம்பெனியைக் கலந்தால்தான் கெட்டுவிடும் என்றேன். அத்தை பயபக்தியோடு தலையாட்டினார். எப்போது ஊருக்கு வந்தாய் என்று அடுத்து கேட்டார். சாயங்காலம் பஸ்ஸில் என்றேன்.

அதற்குமேல் மாப்பிள்ளை செல்வினால் முடியவில்லை. கர்ச்சீப்பை வாயில் வைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். அந்த அறையில் நிலைமை முழுதாகப் புரிந்த ஒரே ஆள் அவர்தான். ஆரம்பத்திலேயே புரிந்தும் வாயைத் திறக்கவில்லை. இப்படிப்பட்டவரோடு காலம் தள்ளலாம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். செல்வினின் அத்தை மட்டும் கல்யாணத்தன்றுவரை என்னைச் சந்தேகமாகவே பார்த்தார்.

இனி, பிரியா கேட்டது இதைத்தான் என்று நினைக்கிறேன். நான் பார்த்ததிலேயே கஷ்டமான கேஸ்.

பெரியதாழைப் பக்கம் ஒரு கடற்கரை ஊர். பேரைச் சொல்லமாட்டேன், சொன்னால் சண்டைக்கு வருவார்கள். அந்த ஊரில் துறைமுகம் கிடையாது. மணலிலிருந்துதான் படகை இறக்குவார்கள், மணலில்தான் ஏற்றுவார்கள். கரையோரம் அலை மடங்கி உடைகிற இடத்தைத் தாண்டிவிட்டால் பயமில்லை. தாண்டுவதற்குள் பாடாகிவிடும். ஒரு வருஷம் காற்றுக் காலத்தில் அந்த இடத்தில் படகு கவிழ்ந்து அண்ணனும் தம்பியும் போய்விட்டார்கள். கரையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடிந்தது. சட்டென்று இறக்க ஒரு படகு தயாராக இல்லை.

அதற்குப் பிறகு ஊர் கூடி ஒரு மீட்புப் படகு வாங்கியது. சின்ன ஃபைபர் படகு, எங்களிடம் வாங்கிய மோட்டார், இரண்டு சக்கர டிரெய்லர். கடலைப் பார்த்தபடி ஒரு கீற்றுக் கொட்டகையில் நிற்கும். யாராவது தத்தளித்தால் டிராக்டரில் மாட்டி நேரே தண்ணீருக்குள் தள்ளவேண்டியதுதான். டிரெய்லர் சக்கரத்து மூடியில் நிப்பிள் என்கிற சின்னக் காம்பு ஒன்று உண்டு. கைப்பம்பு மாதிரி இருக்கிற கிரீஸ் கன்னின் வாயை அந்தக் காம்பில் பொருத்தி அடித்தால், எதையும் கழற்றாமலே பேரிங்குக்குக் கிரீஸ் போய்விடும். வசதியான ஏற்பாடு.

ஊர் சார்பில் இதையெல்லாம் கவனித்துக்கொண்டவர் சூசை அண்ணன். முன்னாளில் சங்கு குளித்தவர். மூச்சடக்கிப் பழகியவர் என்பதால் எந்தக் கேள்விக்கும் பதில் வர நேரமாகும். கடையில் எல்லாரும் போன் லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து வைத்துவிடுவார்கள். நான் வைக்கமாட்டேன். ஒருநாள் அப்படிக் காத்திருந்தபோது, "மேடம், சக்கரம் அழுவுது" என்றார்.

போய்ப் பார்த்தோம். பேரிங் தேய்ந்து பழுப்பேறிக் கிடந்தது. புதிது மாற்றி, கடல் தண்ணீருக்கென்றே உள்ள நல்ல கிரீஸாக வைத்து, சீலும் புதிதாகப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். கொஞ்ச நாளில் மறுபடியும் போன். மறுபடியும் அழுதது. மறுபடியும் மாற்றினேன். மூன்றாவது முறை போன் வரவில்லை, நாங்களே இருந்தோம். ஒத்திகை பார்க்க வரச்சொல்லியிருந்தார்கள். டிராக்டர் இழுத்தது. தண்ணீரைத் தொடுகிற இடத்தில் ஒரு சக்கரம் இறுகி நின்றுவிட்டது. டிராக்டர் நிற்காமல் இழுக்க, சக்கரம் சுற்றாமலே கலப்பை மாதிரி மணலை உழுதுகொண்டு போனது. கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். பிலோமி சிரிக்கவில்லை. இறந்துபோன சகோதரர்களில் மூத்தவரின் மனைவி அவள். என் பக்கத்தில் வந்து நின்று, மெதுவாகத்தான் கேட்டாள்.

"எங்க ஆளு போயிட்டாவ மேடம். அது போவட்டும். இனி ஒருத்தர் முங்கும்போதும் வண்டி இப்படித்தான் நிக்குமா?"

ஊரில் அதற்குள் எங்கள் கடைக் கிரீஸ் சரியில்லை என்று பேச்சு வந்திருந்தது. சார் கை கழுவ இடம் தேடினார். கடல்தான் இருந்தது. அதில் போய்க் கழுவினார்.

அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து ஹப்பைத் திறந்தோம். உள்ளே நான் வைத்த கிரீஸ் இல்லை. மோர்க்குழம்பு மாதிரி ஒன்று இருந்தது. நீலம், சிவப்பு, பச்சை, கறுப்பு எல்லாம் அதில் கோடு கோடாக ஓடின. நடுவில் மணல். பின்பக்கச் சீல் பிதுங்கி வெளியே வந்திருந்தது. சார் விரலில் தொட்டு, கசக்கி, மோந்து பார்த்தார். இது டிராக்டருக்குப் போடுவது, இது சைக்கிள் கடைச் சரக்கு, இது நம்முடையது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நின்றார். மறுபடியும் மோந்தார். "இது கிரீஸே இல்ல எஸ்தர். பித்தவெடிப்புக்குப் போடுத களிம்பு" என்றார்.

சீல் பிதுங்குகிற அளவுக்கு யாரோ உள்ளே அடித்துத் தள்ளியிருக்கிறார்கள். அந்த ஓட்டை வழியாக மணலும் உப்புத் தண்ணீரும் தாராளமாகப் போயிருக்கிறது. யார் என்று கேட்டோம். ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. பேரிங்கை மூன்றாம் முறையாக மாற்றி, அடுத்த நாள் மோட்டாரைப் பார்க்கிற சாக்கில் நான் கொட்டகைக்குள் ஒரு ஓரமாக உட்கார்ந்துகொண்டேன்.

முதலில் வந்தவர் டிராக்டர் ஓட்டுகிற முத்துராஜ். தூணில் தொங்கிய கிரீஸ் கன்னை எடுத்தார், இரண்டு சக்கரத்துக்கும் அடித்தார், போனார். அடுத்து சைக்கிள் கடைக்காரர், சொந்தக் கன்னோடு வந்தார். கோயில் மணி அடிக்கிறவர் மணி அடித்துவிட்டு நேரே இங்கே வந்து அடித்தார். கடலுக்குப் போகிறவர்கள் போகிற வழியில் அடித்தார்கள், வந்தவர்கள் வருகிற வழியில் அடித்தார்கள். பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு அடித்ததைப் பார்த்தபோது எனக்கு என் அக்கா நினைவு வந்துவிட்டது. கடைசியாகப் பிலோமி வந்தாள். அவளுக்குக் கன்னை அழுத்த வலு போதவில்லை. சின்ன டப்பாவிலிருந்து களிம்பை விரலால் வழித்து மூடியைச் சுற்றித் தடவினாள். மிச்சத்தை நிப்பிளின் வாயில் வைத்து அழுத்தினாள். தடவிக்கொண்டிருக்கும்போது ஏதோ ஜெபம் சொன்ன மாதிரி இருந்தது. அங்கே நான் இருப்பதை அவள் பார்க்கவில்லை.

சூசை அண்ணனிடம் போய்ச் சொன்னேன். "நீங்க அடிக்கலையே அண்ணன்?" என்றும் கேட்டேன். அவர் மூச்சை இழுத்தார். நான் காத்திருந்தேன்.

"காலையில மட்டும்" என்றார்.

ஊரைக் கூட்டிவைத்துச் சொல்லிப்பார்த்தோம். குழந்தைக்குத் தொண்டைவரை ஊட்டினால் என்ன ஆகுமோ அதுதான் இதற்கும் ஆகும் என்று நான் விளக்கினேன். எல்லாரும் ரொம்ப சரி என்றார்கள். கண்டவர்கள் எல்லாம் கிரீஸ் அடிப்பதை உடனே நிறுத்தவேண்டும் என்று முத்துராஜே எழுந்து பேசினார். 'கிரீஸ் அடிக்கக் கூடாது' என்று போர்டு எழுதி மாட்டினோம். அதற்கும் பலன் இல்லை. அந்தப் போர்டு மற்றவர்களுக்காக எழுதியது என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். போர்டைப் படித்துவிட்டு, தலையாட்டிவிட்டு, அடித்தார்கள்.

நிப்பிளையே எடுத்துவிட்டு வெறும் மூடியைப் போடலாம் என்றார் சார். செய்திருக்கலாம்தான். ஆனால் எனக்குப் பிலோமியின் விரல் நினைவுக்கு வந்தது. அன்றைக்குக் கரையில் ஒன்றும் செய்ய முடியாமல் நின்ற ஊர் அது. மூடியை மூடிவிட்டால் அந்தக் கைகளெல்லாம் எங்கே போகும்? மூடியைத் திறக்கத்தான் போகும். சுத்தியலோடு போகும். அதனால் சாரிடம் வேறொரு யோசனை சொன்னேன். சக்கரத்தில் நிப்பிள் இல்லாத மூடி. டிரெய்லரின் சட்டத்தில், ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்திலேயே, ஒரு தடித்த குழாயை வெல்டிங் பண்ணி, அதில் பளபளவென்று ஒரு நிப்பிள். குழாயின் மறுமுனை அடைப்பு. சக்கரத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

சார் பொய் சொல்லாத மனிதர். வராத சாமானை நாளை வரும் என்று கஸ்டமரிடம்கூடச் சொல்லமாட்டார். கைகளைப் பார்த்துக்கொண்டார். கழுவப் போகப்போகிறார் என்று நினைத்தேன். "குழாய் நெறைஞ்சா?" என்று மட்டும் கேட்டார். மறுமுனையில் திருகு மூடி வைத்துவிடலாம், சர்வீஸுக்குப் போகும்போதெல்லாம் நாமே காலி பண்ணிவிடலாம் என்றேன்.

வேலை முடிந்த அன்று ஊர் கூடியது. சார் முன்னால் போய் நின்று, இரண்டு குழாயையும் காட்டி, "இனி கிரீஸ் அடிக்கிறதுன்னா இதுல மட்டும்தான் அடிக்கணும். வேற எங்கயும் கை வைக்கக் கூடாது" என்றார். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. திரும்பி வரும்போது ஜீப்பில் அந்த வாக்கியத்தை அவர் தனக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டதை நான் கேட்டேன். ஊருக்கோ ரொம்பத் திருப்தி. புது நிப்பிள் வாகான உயரத்தில் இருந்தது, முன்போலக் குனிய வேண்டியதில்லை. பிலோமிக்கு மட்டும் கைக்கு அடக்கமான ஒரு சின்னக் கன்னைக் கொடுத்துவிட்டு வந்தேன். சூசை அண்ணனுக்கு விஷயத்தைச் சொல்லிவைத்தோம். அவரிடமிருந்து ரகசியம் வெளியே வருவதற்குள் ஒரு தலைமுறை போய்விடும்.

அதற்குப் பிறகு சக்கரம் அழவில்லை. காற்றுக் காலத்துக்கு முன்னும் பின்னும் நான் போய் ஹப்பைத் திறப்பேன். நான் வைத்த கிரீஸ் வைத்தபடி இருக்கும். அப்புறம் ஊர்க்காரர்களைச் சூசை அண்ணன் வேறு பக்கம் கூட்டிப்போன சமயம் பார்த்து, குழாயின் மூடியைத் திருகி உள்ளே இருப்பதைத் தள்ளி எடுப்பேன். நீலமும் சிவப்பும் பச்சையுமாக அடுக்கடுக்காக, பேக்கரியில் விற்கிற கலர் கேக் மாதிரி முழு உருளையாக வரும். முதல் தடவை அதைச் சாரிடம் கொண்டுவந்து காட்டினேன். அவர் ஒவ்வொரு அடுக்காக விரல் வைத்துப் பார்த்தார். ஒரு அடுக்கில் நின்று, "அந்தக் களிம்பு இன்னும் வருதே" என்றார். அதைக் குப்பையில் போட மனசு வராமல், ஒர்க்‌ஷாப் கேட்டின் கீலுக்கு வைத்துக்கொண்டோம்.

அந்த நாளும் வந்தது. நன்றாக விடிந்த நேரம். வெளியே போன படகு ஒன்று திரும்பும்போது அலை உடைகிற இடத்தில் குறுக்கே திரும்பிக் கவிழ்ந்துவிட்டது. நாலு பேர் தண்ணீரில். கரையில் இருந்தவர்கள் கத்தினார்கள். முத்துராஜ் டிராக்டரை எடுத்தார். கொட்டகையிலிருந்து டிரெய்லர் வெளியே வந்தது. மணலில் இறங்கியது. தண்ணீருக்குள் போனது. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. படகு மிதந்ததும் மோட்டார் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. நாலு பேரையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒருவருக்குத் தோள் இறங்கியிருந்தது, மற்றவர்கள் உப்புத் தண்ணீர் குடித்ததோடு சரி.

நான் கடையில் இருந்தேன். போன் வந்தது. எடுத்தால் மறுமுனையில் பேச்சில்லை. சூசை அண்ணன் என்று தெரிந்துவிட்டது. பின்னால் ஒரே கூச்சல், அழுகை மாதிரியும் கேட்டது. காத்திருந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு நேரம் யாருக்காகவும் நான் காத்திருந்ததில்லை.

"சக்கரம் ஓடிச்சி மேடம்" என்றார்.

நன்றிப் பூசைக்கு எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். நாங்கள் வேறு சபைக்காரர்கள், பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டோம். பிரசங்கத்தில் சாமியார் கடலுக்குப் போனவர்களைப் புகழ்ந்துவிட்டு, மறக்காமல் தினமும் கிரீஸ் அடித்த கைகளையும் ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக என்றார். கோயிலே ஆமென் சொன்னது. தொபியாஸ் சார் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

வெளியே வந்தால் எல்லாருக்கும் அதே பேச்சு. தன் டிராக்டர் கிரீஸ்தான் காப்பாற்றியது என்று முத்துராஜ் சொன்னார். சைக்கிள் கடைக்காரர் தன் சரக்கைப் பற்றிச் சொன்னார். மணி அடிக்கிறவர் ஒன்றும் சொல்லாமல் புன்னகைத்துக்கொண்டிருந்தார், உண்மை தனக்குத்தான் தெரியும் என்பதுபோல. பந்தி முடிந்ததும் எல்லாருமாகக் கொட்டகைக்குப் போனோம். டிரெய்லருக்கு மாலை போட்டிருந்தார்கள். பிலோமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, நான் கொடுத்த சின்னக் கன்னை என் கையில் வைத்தாள்.

"நீங்க ஒருநாளும் அடிச்சுப் பாத்ததில்ல மேடம். இன்னைக்கு நீங்க அடிங்க."

ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. நான் நிப்பிளைத் துணியால் துடைத்தேன். கன்னின் வாயைச் சாயாமல் பொருத்தினேன். அடித்தேன். உள்ளே ஏறுவது கையில் தெரிந்தது. யாரும் சொல்லாமலே இன்னொரு தரம் அடித்தேன். அப்புறம் இன்னொரு தரம்.

பக்கத்தில் தொபியாஸ் சார் வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"போதும் எஸ்தர்" என்றார். "எனக்கும் கொஞ்சம் விடுங்க."